ஸ்டாக் செய்த ஹப்களில் பேசுவது எந்த போர்ட்? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரேக்கில் மூன்று ஹப் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 12 போர்ட், ஆக மொத்தம் 36. எல்லா விளக்கும் மினுங்குகிறது. நெட்வொர்க் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இந்த 36-ல் யார் வாயை மூடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யார் தப்பாகப் பேசுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

ஹப் காலம் எப்போதோ முடிந்துவிட்டதே என்று நினைக்கலாம். அலுவலகங்களில் முடிந்துவிட்டது, சரிதான். ஆனால் 1990-களில் வாங்கிய இயந்திரங்கள் இன்னும் ஓடும் தொழிற்சாலைகளிலும், பழைய அளவீட்டுக் கருவிகள் உள்ள ஆய்வகங்களிலும் ஹப் ஸ்டாக் இன்றும் இருக்கிறது. அந்த இயந்திரங்களை மாற்ற முடியாததால், அவற்றை இணைக்கும் ஹப்பையும் யாரும் தொடுவதில்லை. அப்படி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

ஹப் என்ன செய்கிறது என்பதை முதலில் மனதில் நிறுத்துங்கள்

ஹப் என்பது பல போர்ட் உள்ள ரிப்பீட்டர். ஒரு போர்ட்டில் சிக்னல் உள்ளே வந்தால், அதைச் சீர்படுத்தி மற்ற எல்லா போர்ட்டிலும் வெளியே அனுப்பும். யாருக்கு வந்த ஃபிரேம் (ஒரே முறையில் அனுப்பும் தரவுப் பொட்டலம்) என்று பார்க்காது, மேக் முகவரியை (ஒவ்வொரு அடாப்டருக்கும் உள்ள தனி எண்) படித்து வழி பிரிக்காது. இரண்டு போர்ட்டில் ஒரே நேரத்தில் சிக்னல் வந்தால் அது மோதல். உடனே ஜாம் சிக்னலை எல்லோருக்கும் அனுப்பி, எல்லோரையும் நிறுத்தச் சொல்லும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. 36 போர்ட் உள்ள ஸ்டாக்கில் ஒரே ஒரு கணினி பேசினாலும், ஒரு போர்ட்டில் சிக்னல் உள்ளே வருகிறது, மீதி 35-லும் வெளியே போகிறது. வெளியே போவதை மட்டும் பார்த்தால் எல்லா போர்ட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பேசுவது யார் என்பதைச் சொல்வது உள்ளே வரும் சிக்னல் ஒன்றுதான். நீங்கள் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், எந்த எண்ணைப் படித்தாலும், இது போர்ட்டுக்குள் வந்ததா அல்லது போர்ட்டிலிருந்து போனதா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். ஹப் விஷயத்தில் தேடுபவர்கள் வழி தவறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்டாக் கேபிளுக்குள் என்ன ஓடுகிறது

இரண்டு ஹப்பை சாதாரண நெட்வொர்க் கேபிளால் இணைத்தால் அது ஸ்டாக் ஆகாது, அது தொடர் இணைப்பு. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் அப்படி எத்தனை வேண்டுமானாலும் தொடர முடியாது. இரண்டு கணினிகளுக்கு இடையே அதிகபட்சம் நான்கு ரிப்பீட்டர்கள்தான் இருக்கலாம். ஸ்டாக் என்பது வேறு. பின்பக்கம் உள்ள தனி கேபிள், ஒவ்வொரு ஹப்பின் உள்ளே இருக்கும் ரிப்பீட்டர் சில்லுகளை ஒரே பஸ்ஸில் (எல்லாச் சில்லும் பகிரும் வயர் தொகுப்பு) சேர்க்கிறது. அதனால் முழு ஸ்டாக்கும் கணக்குக்கு ஒரே ரிப்பீட்டர்.

அப்படியானால் முதல் ஹப்பில் உள்ள சில்லுக்கு மூன்றாவது ஹப்பில் யாரோ பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அதற்கென்றே பஸ்ஸில் தனி வயர்கள் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ஐஎம்ஆர் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சில்லில் எட்டு 10 பேஸ்-டி (முறுக்குக் கம்பியில் ஓடும் 10 மெகாபிட் ஈதர்நெட்) போர்ட், ஒரு ஏயூஐ போர்ட் (வெளி அடாப்டர் வழியாக வேறு வகை கேபிளை இணைக்கும் பழைய போர்ட்). தன் போர்ட் ஒன்றில் சிக்னல் வந்ததும் அந்தச் சில்லு ஒரு கோரிக்கை வயரை இயக்கும். வெளியே உள்ள நடுவர் சர்க்யூட் எல்லாச் சில்லுகளின் கோரிக்கையையும் பார்க்கும். ஒரே ஒருவர் கேட்டிருந்தால் 'சரி, உன் தரவை பஸ்ஸில் போடு' என்று பதில் வயரில் சொல்லும். இரண்டு பேர் கேட்டிருந்தால் மோதல் வயரை இயக்கும். மற்ற சில்லுகள் பஸ்ஸில் வரும் தரவை எடுத்துத் தங்கள் போர்ட்களில் அனுப்பும்.

நேஷனல் செமிகண்டக்டரின் ரிக் சில்லு இதையே சற்று வேறு விதமாகச் செய்தது. சில்லுகள் சங்கிலி போல ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கும். முதலில் பேச ஆரம்பித்த போர்ட்டுக்கு 'போர்ட் என்' என்று பெயர். அப்படி ஒரு போர்ட் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு வயர். அது தவிர வேறெங்காவது சிக்னல் வந்துவிட்டது என்பதைச் சொல்ல இன்னொரு வயர். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. இரண்டே வயரைப் பார்த்தால் ஸ்டாக் முழுவதும் அமைதியா, ஒருவர் பேசுகிறாரா, பலர் மோதுகிறார்களா என்று எந்தச் சில்லும் தானே தெரிந்துகொள்ளும்.

பஸ்ஸில் உள்ள இந்த வயர்கள் 'எங்கோ ஒருவர் பேசுகிறார்' என்று மட்டும்தான் சொல்லும். எந்த போர்ட் என்பது அந்தந்தச் சில்லுக்குத்தான் தெரியும். ஆகவே போர்ட் அளவில் விவரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஹப்பிடமும் தனித்தனியாக விசாரித்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலையை எல்லா ஹப்பின் சார்பாகவும் செய்வதுதான் ஸ்டாக்கில் உள்ள மேலாண்மை மாட்யூல்.

முதல் வேலை: வரைபடம்

ஒரு தாளில் ஸ்டாக்கை வரையுங்கள். எந்த ஹப் மேலே, எந்த ஹப் கீழே, எந்த போர்ட்டில் எந்த கேபிள், அந்த கேபிளின் மறுமுனை எங்கே. ஸ்டாக் கேபிள் எது, சாதாரண கேபிளால் போட்ட தொடர் இணைப்பு எது என்பதை வேறு நிறத்தில் குறியுங்கள். பல இடங்களில் மூன்றாவது ஹப்புக்கு ஸ்டாக் கேபிள் கிடைக்காமல், போர்ட் ஒன்றிலிருந்து சாதாரண கேபிளால் இழுத்திருப்பார்கள். அப்படியானால் அது தனி ரிப்பீட்டர். மேலாண்மை மாட்யூலுக்கு அதன் போர்ட்கள் தெரியாது. அந்த ஹப் முழுவதும் ஒரே போர்ட்டின் கணக்கில்தான் வரும்.

அடுத்து, மேலாண்மை மாட்யூல் சொல்லும் எண்ணும் உங்கள் வரைபடத்தில் உள்ள ஹப்பும் ஒன்றுதானா என்று சோதியுங்கள். மாட்யூல் ஒவ்வொரு ஹப்பையும் 'குரூப்' என்ற எண்ணால் அழைக்கும். மேலே இருக்கும் ஹப்தான் குரூப் 1 என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு மடிக்கணினியை ஒவ்வொரு ஹப்பிலும் காலியான போர்ட் ஒன்றில் செருகி, ஐந்தாறு நொடி பிங் (மறுமுனை இருக்கிறதா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, எந்தக் குரூப்பில் எந்த போர்ட்டின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு தவறான ஹப்பில் கேபிளைப் பிடுங்குவீர்கள்.

மடிக்கணினியின் வேக அமைப்பைத் தானியங்கியாகவே விடுங்கள். ஹப்பில் செருகியதும் அது அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் பேசுவது அல்லது கேட்பது மட்டும்) இறங்கிக்கொள்ளும். கையால் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் பேசுவதும் கேட்பதும்) என்று வைத்துவிடாதீர்கள். அது என்ன கூத்து செய்யும் என்று பின்னால் சொல்கிறேன்.

விளக்குகள் சொல்வது, சொல்லாதது

லிங்க் விளக்கு எரிந்தால் மறுமுனையில் மின்சாரம் உள்ள கருவி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். 10 பேஸ்-டி கருவிகள் பேசாமல் சும்மா இருக்கும்போதும் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை லிங்க் பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்கு அதைப் பார்த்து எரிகிறது.

செயல்பாட்டு விளக்கு விஷயத்தில் கவனம் தேவை. 64 பைட் ஃபிரேம் ஒன்று 10 மெகாபிட்டில் 51.2 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். அந்த நேரம் மட்டும் எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஹப் அந்த மினுக்கலைச் செயற்கையாகப் பல மில்லி விநாடிக்கு நீட்டுகிறது. விளைவு, நொடிக்கு இருபது முப்பது சிறிய ஃபிரேம் வந்தாலே விளக்கு ஏறக்குறைய நிற்காமல் எரிவது போலத் தெரியும். உண்மையில் அது நெட்வொர்க் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இருக்காது. மினுக்கலை வைத்துச் சுமையை அளக்கவே முடியாது.

இன்னொன்றும் உண்டு. சில ஹப்களில் போர்ட் விளக்கு உள்ளே வரும் சிக்னலுக்கு மட்டும் எரியும், சிலவற்றில் வெளியே போவதற்கும் எரியும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ஆள் இல்லாத நேரத்தில் மடிக்கணினியிலிருந்து இல்லாத முகவரி ஒன்றுக்குப் பிங் அனுப்புங்கள். உங்கள் போர்ட் மட்டும் மினுங்கினால் நல்ல வகை, விளக்கை நம்பி வேலை பார்க்கலாம். எல்லாம் சேர்ந்து மினுங்கினால் அந்த விளக்கை மறந்துவிடுங்கள்.

மேலாண்மை வசதி இல்லாத ஹப்களில்

இங்கே கையும் கண்ணும்தான் கருவி. ஆனால் ஹப்பின் குறையே இங்கே நமக்கு உதவுகிறது. எல்லாம் எல்லோருக்கும் போவதால், எந்த போர்ட்டில் செருகினாலும் வயர்ஷார்க்கில் (நெட்வொர்க்கில் ஓடும் ஃபிரேம்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) அந்த ஸ்டாக்கின் முழுப் பேச்சும் கேட்கும். ஐந்து நிமிடம் பதிவு செய்து, மேக் முகவரி வாரியாக யார் அதிகம் அனுப்பினார்கள் என்று வரிசைப்படுத்துங்கள். முகவரியின் முதல் மூன்று பைட் அந்த அடாப்டரைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். எந்த வகை இயந்திரம் என்று ஊகிக்க அது பெரும்பாலும் போதும்.

முகவரி கிடைத்தது, போர்ட் வேண்டும். அந்த இயந்திரத்துக்கு நொடிக்கு ஒரு பிங் அனுப்பிக்கொண்டே, உள்வரவுக்கு மட்டும் எரியும் விளக்குகளைப் பாருங்கள். நொடிக்கு ஒரு துடிப்பு இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று உங்களுடையது, இன்னொன்று அவருடையது. விளக்கு உதவாத வகையாக இருந்தால் பாதியாகப் பிரிக்கும் முறைக்குப் போங்கள். பிங் ஓடட்டும். ஸ்டாக்கின் நடுவில் உள்ள ஸ்டாக் கேபிளைக் கழற்றுங்கள். பதில் நின்றால் அவர் மறுபாதியில் இருக்கிறார், நிற்காவிட்டால் உங்கள் பாதியில். அப்புறம் அந்த ஹப்பில் கேபிள்களை ஒவ்வொன்றாக இரண்டு விநாடி எடுத்துச் செருகிப் பாருங்கள். ஓடும் இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் இதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள். இணைப்பு அறுந்தால் நடுவேலையில் நின்றுவிடும் இயந்திரங்கள் உண்டு.

மேலாண்மை மாட்யூல் இருந்தால்: எண்களைக் கேளுங்கள்

ஹப்களின் எண்ணிக்கைகளை எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைத் தொலைவிலிருந்து விசாரிக்கும் முறை) வழியாகப் படிப்பதற்கென்று ஒரு பொதுவான அட்டவணை இருக்கிறது. 1992-ல் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 1368 ஆக வந்தது, 1993-ல் 1516 ஆகத் திருத்தப்பட்டது, 1997-ல் 100 மெகாபிட் ஹப்களையும் சேர்த்து ஆர்எஃப்சி 2108 ஆனது. அன்றைய ஹப்களில் தயாரிப்பாளர்களின் சொந்த மென்பொருள் இன்று எந்தக் கணினியிலும் நிறுவ முடியாத நிலையில் இருக்கலாம். இந்தப் பொது அட்டவணை அப்படியே வேலை செய்யும். லினக்ஸில் நெட்-எஸ்என்எம்பி நிறுவி, அதன் வாக் கட்டளையில் பதிப்பு 1, கம்யூனிட்டி பெயர் (ஹப்பில் அமைத்திருக்கும் கடவுச்சொல் போன்றது), ஹப்பின் ஐபி முகவரி, கீழே உள்ள எண் வரிசை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்.

எல்லாம் 1.3.6.1.2.1.22 என்ற வேரின் கீழ் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படுபவை இவை:

போர்ட் தானாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறதா: 1.3.6.1.2.1.22.1.3.1.1.4
சரியாக வந்த ஃபிரேம்கள்: 1.3.6.1.2.1.22.2.3.1.1.3
சரியாக வந்த பைட்கள்: 1.3.6.1.2.1.22.2.3.1.1.4
மோதல்கள்: 1.3.6.1.2.1.22.2.3.1.1.10
தாமத மோதல்கள் (பின்னால் விளக்குகிறேன்): 1.3.6.1.2.1.22.2.3.1.1.11
கடைசியாகப் பேசிய மேக் முகவரி: 1.3.6.1.2.1.22.3.3.1.1.5
முகவரி மாறிய எண்ணிக்கை: 1.3.6.1.2.1.22.3.3.1.1.4

ஒவ்வொன்றின் கடைசியிலும் குரூப் எண்ணும் போர்ட் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். 2.7 என்று முடிந்தால் இரண்டாவது குரூப்பில் ஏழாவது போர்ட். இந்த அட்டவணையை எழுதியவர்களை நினைத்தால் நன்றிதான் தோன்றுகிறது. ஃபிரேமும் பைட்டும் உள்ளே வந்ததை மட்டுமே எண்ணுகின்றன. ஹப்பில் பேசுவது யார் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்படியே அமைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை படித்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. அது ஹப் இயங்க ஆரம்பித்ததிலிருந்து சேர்ந்த கூட்டல். இரண்டு முறை படித்துக் கழிக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 2.7 போர்ட்டின் பைட் எண்ணிக்கை முதலில் 18,42,20,916. சரியாக 60 விநாடி கழித்து 19,84,70,916. வித்தியாசம் 1,42,50,000 பைட். அதே நேரத்தில் ஃபிரேம் வித்தியாசம் 12,500. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னால் வரும் 8 பைட் முன்னுரையும், பின்னால் விட வேண்டிய 12 பைட் இடைவெளியும் எண்ணிக்கையில் சேராது, ஆனால் கம்பியில் இடம் பிடிக்கும். ஆகவே 12,500 × 20 = 2,50,000 பைட் கூட்டுங்கள். மொத்தம் 1,45,00,000 பைட், அதாவது 11,60,00,000 பிட். அதை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு சுமார் 19,33,000 பிட். 10 மெகாபிட் ஹப்பில் அந்த ஒரு போர்ட் மட்டும் 19 சதவீதத்தைத் தின்கிறது.

கழிக்கும்போது எதிர்மறை எண் வந்தால் பயப்பட வேண்டாம். இந்த எண்ணிகள் 32 பிட். 4,29,49,67,296-ஐத் தொட்டதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த எண்ணைக் கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும். 10 மெகாபிட் முழு வேகத்தில் ஓடினால் பைட் எண்ணி சுமார் 58 நிமிடத்தில் ஒரு சுற்று வரும், ஃபிரேம் எண்ணிக்கு 80 மணி நேரம். 100 மெகாபிட் ஹப்பில் பைட் எண்ணி ஆறு நிமிடத்துக்குள்ளேயே சுற்றிவிடலாம். நான் எப்போதும் ஒரு நிமிட இடைவெளியில் படிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதைவிடக் குறுக்கினால் பழைய மாட்யூல்கள் பதில் சொல்லத் திணறும். நீட்டினால் திடீர் எழுச்சி சராசரியில் கரைந்துபோகும்.

எல்லா போர்ட்டுக்கும் இதைச் செய்து பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்குங்கள். பெரும்பாலான ஸ்டாக்குகளில் மூன்று நான்கு போர்ட்தான் மொத்தச் சுமையில் பெரும்பகுதியைக் கொண்டுவரும். பிறகு ஒரு சரிபார்ப்பு. எல்லா போர்ட்டின் ஃபிரேம் வித்தியாசத்தையும் கூட்டி, அதே நிமிடத்தில் வயர்ஷார்க் பார்த்த ஃபிரேம்களோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மாட்யூல் தானே அனுப்பும் பதில்கள் எந்த போர்ட்டின் கணக்கிலும் வராமல் இருக்கலாம், அந்தச் சிறு வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால், நீங்கள் படிக்காத போர்ட் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது பின்பக்கத்து ஏயூஐ போர்ட் அல்லது ஃபைபர் மாட்யூலாக இருக்கும்.

போர்ட்டின் பின்னால் ஒருவரா, பலரா

முகவரி அட்டவணை இதற்குப் பதில் சொல்லும். ஒரு போர்ட்டில் கடைசியாகப் பேசிய முகவரி எப்போதும் ஒன்றாகவே இருந்து, மாறிய எண்ணிக்கை ஏறாமல் நின்றால், அங்கே ஒரே இயந்திரம். ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்த போர்ட்டின் பின்னால் இன்னொரு ஹப்போ ஸ்விட்சோ இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கணினி மட்டும் வரைந்திருந்தால், மேஜைக்கு அடியில் யாரோ ஒரு சிறிய ஹப் வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள்.

பிழை எண்ணிகள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மோதல் என்பது ஹப்பில் இயல்பு. மோதல் எண்ணிக்கை ஏறுகிறது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. சுமை ஏறும்போது அதுவும் ஏறும். பார்க்க வேண்டியது வேறு.

சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் ஏறினால் அந்த கேபிள் அல்லது அடாப்டர் கெட்டிருக்கிறது. ஃபிரேம் என்று சொல்லவே முடியாத மிகச் சிறிய சிக்னல்கள் ஒரு போர்ட்டில் எண்ணிக்கையாகச் சேர்ந்தால், வெளியிலிருந்து மின் இரைச்சல் புகுகிறது. மோட்டார் கேபிளோடு ஒட்டிப் போகும் நெட்வொர்க் கேபிளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். கேபிளை இரண்டடி தள்ளிப் போட்டதும் நின்றுவிட்டது. மிக நீண்ட சிக்னல் எண்ணி ஒன்று ஏறினாலும் சும்மா விடாதீர்கள், பேச ஆரம்பித்து நிறுத்தத் தெரியாத அடாப்டர் அது.

தானியங்கித் துண்டிப்பு தனி ரகம். ஒரு போர்ட்டில் தொடர்ந்து முப்பதுக்கு மேல் மோதல் நடந்தால் 10 மெகாபிட் ஹப் அந்த போர்ட்டிலிருந்து வருவதை எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். ஆனால் மற்றவர்கள் பேசுவதை அதற்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். லிங்க் விளக்கும் எரியும். பயனர் வந்து 'விளக்கு எரிகிறது, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை' என்பார். மேலே சொன்ன அட்டவணையில் மதிப்பு 2 என்று இருந்தால் துண்டிக்கப்பட்டிருக்கிறது, 1 என்றால் இல்லை. இரண்டு போர்ட்கள் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டால் அவற்றுக்கு இடையே வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ ஹப்பிலேயே செருகியிருப்பார்கள். ஒன்றில் போவது மற்றொன்றில் வந்து தன்னோடு தானே மோதும்.

இப்போது தாமத மோதல். இதை என் அனுபவத்தில் நடந்ததைச் சொல்லி விளக்குவது நல்லது.

ஒரு தொழிற்சாலையில் 36 போர்ட் ஸ்டாக். மதியத்துக்கு மேல் நெட்வொர்க் தவழும். அட்டவணையைப் படித்தேன். ஏழெட்டு போர்ட்களில் தாமத மோதல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏழெட்டு கேபிளையும் மாற்றினேன், இரண்டு அடாப்டரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எல்லா எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்து உட்கார்ந்தேன். 2.7 என்ற போர்ட் கண்ணில் பட்டது. அதில் மோதல் எண்ணிக்கை எல்லாரையும்விட அதிகம். ஆனால் தாமத மோதல் கிட்டத்தட்ட பூஜ்யம். மற்றவர்களுக்கு நேர் எதிர்.

பிறகு ஹப்பின் பக்கம் நின்று யோசித்தேன். முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்திய அடாப்டர், கம்பியில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்காமலே பேசத் தொடங்கும். அப்போது வேறு ஒரு போர்ட்டிலிருந்து ஃபிரேம் பாதி வந்திருக்கும். அந்த போர்ட்டின் கணக்கில் இது 512 பிட்டைத் தாண்டிய பிறகு நடந்த மோதல், அதாவது தாமத மோதல். குறுக்கே புகுந்தவருக்கோ அது தன் பேச்சின் முதல் நொடியிலேயே நடந்த சாதாரண மோதல். அவர் பேசத் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் கேட்டு ஒதுங்கிவிடுவார்கள். அதனால் அவர் கணக்கில் தாமத மோதல் ஏறவே வழி இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் கணக்கில்தான் குற்றம் பதிவாகிக்கொண்டிருந்தது. 2.7-ன் மறுமுனையில் இருந்த கணினியில் சில வாரம் முன்பு அடாப்டர் மாற்றியிருந்தார்கள், மாற்றியவர் 'வேகமாக இருக்கும்' என்று முழு டூப்ளெக்ஸ் வைத்திருந்தார். மதியம்தான் அந்தக் கணினியில் அறிக்கைகள் அனுப்புவார்கள். அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றினோம். அன்று மதியம் தாமத மோதல் ஒரு எண்கூட ஏறவில்லை.

ஆகவே தாமத மோதல் பல போர்ட்களில் பரவலாகத் தெரிந்தால், அது தெரியாத போர்ட்டைத் தேடுங்கள். அதிலும் மோதல் மட்டும் அதிகமாக இருக்கும் போர்ட்டை. ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் தாமத மோதல் என்றால் கதை வேறு, அந்தப் பக்கம் கேபிள் நீளம் அளவை மீறியிருக்கலாம் அல்லது ஹப்கள் நீளமாகத் தொடர்ந்திருக்கலாம்.

கண்ணை மறைக்கும் சில அமைப்புகள்

10/100 இரட்டை வேக ஹப்பில் உண்மையில் இரண்டு ரிப்பீட்டர்கள் உள்ளே இருக்கின்றன, ஒன்று 10-க்கு, மற்றொன்று 100-க்கு. நடுவில் ஒரு சிறிய ஸ்விட்ச். உங்கள் மடிக்கணினி 100-ல் இணைந்திருந்தால், 10 பக்கத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. வயர்ஷார்க்கில் எல்லாம் அமைதியாக இருக்கும், ஆனால் புகார் வந்துகொண்டே இருக்கும். மடிக்கணினியை 10 மெகாபிட் அரை டூப்ளெக்ஸுக்கு வைத்து இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். சில புதிய அடாப்டர்கள் 10-க்கு இறங்குவதில்லை, பழைய யுஎஸ்பி அடாப்டர் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஸ்டாக்குகளில் பின்பக்க பஸ்ஸிலேயே பல பிரிவுகள் உண்டு. எந்த போர்ட் எந்தப் பிரிவில் என்பதை மேலாளர் மாற்றலாம். ஒரே ஹப்பில் அடுத்தடுத்த போர்ட்கள்கூட வெவ்வேறு ரிப்பீட்டராக இருக்கும். 1.3.6.1.2.1.22.1.3.1.1.6 என்ற எண் வரிசை ஒவ்வொரு போர்ட்டும் எந்த ரிப்பீட்டரைச் சேர்ந்தது என்று சொல்லும். ஆனால் ஆர்எஃப்சி 2108-ஐ ஆதரிக்கும் மாட்யூல்களில்தான் அது கிடைக்கும். சதவீதக் கணக்கைப் பிரிவு வாரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கூட்டல் நூறைத் தாண்டும்.

100 மெகாபிட் ஹப்களில் எல்லை இன்னும் இறுக்கம். கிளாஸ் 1 வகையென்றால் ஒரு மோதல் பகுதியில் ஒன்றுதான் இருக்கலாம். கிளாஸ் 2 வகையென்றால் இரண்டு, அவற்றுக்கு இடையே ஐந்து மீட்டர், முனைக்கு முனை மொத்தம் 205 மீட்டர். ஸ்டாக் கேபிளால் சேர்த்தால் பிரச்சினை இல்லை. சாதாரண கேபிளால் மூன்றாவதைச் சேர்த்துவிட்டு, தாமத மோதல் ஏன் என்று தேடுபவர்கள் உண்டு.

போர்ட்டைத் தொலைவிலிருந்தே அணைக்கும் வசதியும் இதே அட்டவணையில் இருக்கிறது. 1.3.6.1.2.1.22.1.3.1.1.3-ல் 2 என்று எழுதினால் அந்த போர்ட் அணையும், 1 என்றால் திரும்ப வரும். சந்தேகப்படும் போர்ட்டை ஒரு நிமிடம் அணைத்து, மற்றவற்றின் தாமத மோதல் நிற்கிறதா என்று பார்ப்பது மிக நல்ல சோதனை. கட்டளை அனுப்பும் முன் உங்கள் கணினி எந்த போர்ட் வழியாக ஹப்பை அடைகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அந்த போர்ட்டை அணைத்துவிட்டால் திரும்ப இயக்க ரேக்குக்கு நடந்துதான் போக வேண்டும்.

ஸ்விட்ச் ஸ்டாக்குக்கு இதே முறை பொருந்துமா

பாதி பொருந்தும். ஸ்விட்சில் மேக் முகவரி எந்த போர்ட்டில் என்று 1.3.6.1.2.1.17.4.3.1.2 நேராகவே சொல்லிவிடும். உள்வந்த பைட்களுக்கு 1.3.6.1.2.1.2.2.1.10. இரண்டு முறை படித்துக் கழிப்பது, எண்ணி சுற்றுவது எல்லாம் அப்படியே. ஆனால் ஸ்விட்சில் வெளியே போவதும் போர்ட்டுக்குப் போர்ட் வேறுபடும். அதனால் இரண்டு திசையையும் பார்க்க வேண்டும்.

சரிசெய்த பிறகு

பிரச்சினை தீர்ந்த அன்றே, நெட்வொர்க் நன்றாக ஓடும் ஒரு சாதாரண மதியத்தில், எல்லா போர்ட்டின் ஒரு நிமிட வித்தியாசத்தையும் எழுதி வரைபடத்தோடு பின் செய்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். தேதியும் நேரமும் எழுத மறக்காதீர்கள். அடுத்த முறை புகார் வரும்போது அந்தத் தாளையும் புதிய எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியிருக்கும் போர்ட் எதுவென்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.